மாமாவின் முழங்காலும் 205 மில்லிமீட்டரும்: எந்த ஆண்டு பென்ஸ் வாங்கலாம்?

காவேரிப்பட்டணத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் என் தாய்மாமாவுக்கு 68 வயது. இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. மாதம் ஒரு முறை வேலூருக்கு மருத்துவரைப் பார்க்கப் போகிறார். மாம்பழப் பருவம் வந்துவிட்டால் மாங்கூழ் ஆலை, மண்டி, வங்கி என்று பெங்களூருக்கும் சேலத்துக்கும் வாரம் இரண்டு நடை. இத்தனை நாளும் உயரமான எஸ்.யூ.வி.யில் போய்வந்தார். இப்போது அதில் ஏறுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. தை மாதம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, ஒரு பென்ஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. எந்த வருடத்து வண்டி வாங்கலாம் என்று நீ பார்த்துச் சொல்" என்றார்.

எந்த வண்டி என்று கேட்காமல் எந்த வருடம் என்று கேட்டாரே, அதுதான் சரியான கேள்வி. மெர்சிடிஸ் இ-கிளாஸ் என்பது ஒரே பெயர்தான். ஆனால் 2014இல் வாங்கிய இ-கிளாஸும், 2018இல் வாங்கியதும், 2025இல் வாங்கியதும் பெயரைத் தவிர வேறு எதையும் பகிர்ந்துகொள்ளாத மூன்று வண்டிகள். கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் இருந்துகொண்டு இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பெங்களூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு தேர்ந்தெடுப்பதைப் போன்றது அல்ல. அங்கே வண்டி நின்றுவிட்டால் அரை மணி நேரத்தில் பணிமனை. நமக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கிலோமீட்டர். தர்மபுரிக்காரர்களுக்கு அதற்கும் மேல். ஒவ்வொரு சர்வீஸும் ஒரு முழு நாளைத் தின்னும். இதை மனத்தில் வைத்தே மேலே படியுங்கள்.

முதலில் பழையது. 2009 முதல் 2016 வரை வந்த டபிள்யூ 212 தலைமுறை. 2013இல் இதற்கு முகம் மாற்றினார்கள். அதுவரை தனித்தனியாக இருந்த நான்கு முன்விளக்குகள் இரண்டாக இணைந்தன. பழைய கார் சந்தையில் அதிகம் கண்ணில் படுவது இ 250 சி.டி.ஐ. டீசல்: 2,143 சி.சி., 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. முறுக்குவிசையில் இது அடுத்து வந்த இ 220 டி.யையே மிஞ்சும். தொப்பூர் கணவாயில் ஆறு பேருந்துகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, இடம் கிடைத்ததும் மிதித்தால் அந்த 500 என்ன செய்கிறது என்பது முதுகுக்குத் தெரியும். கதவைச் சாத்தும்போது எழும் கனத்த ஓசை, சுற்றிலும் கைக்கு எட்டும் நிஜமான பொத்தான்கள், ஓட்டுநர் ஒரே நாளில் பழகிக்கொள்ளும் எளிமை எல்லாம் இதில் உண்டு. எனக்கு இந்தத் தலைமுறையின் மேல் தனிப் பிரியம் உண்டு, மறைக்க மாட்டேன்.

இருந்தும் மாமாவுக்கு இதை வேண்டாம் என்றேன். இன்று இவை ஒரு நடுத்தர எஸ்.யூ.வி.யின் விலைக்கே கிடைக்கின்றன. அந்த விலையைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டியின் விலை இறங்கிவிட்டது. உதிரிபாகத்தின் விலை இன்னும் 50 லட்ச ரூபாய் வண்டிக்கு உரியதாகவே இருக்கிறது. இந்த டீசல் இன்ஜினில், வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் சங்கிலியான டைமிங் செயின் கியர்பெட்டிப் பக்கம், அதாவது பின்புறம் இருக்கிறது. அதை முழுமையாகப் பார்க்க வேண்டும் என்றால் வேலை பெரிது, கூலியும் பெரிது. அதே காலத்து பி.எம்.டபிள்யூ 520 டி.யில் வந்த டீசல் இன்ஜினிலும் செயின் பின்புறம்தான். காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு வினாடி சலசலவென்று சத்தம் கேட்டால், விலை எவ்வளவு குறைவானாலும் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, ஆர்.சி. எனும் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குத்தான். 2013 வண்டி என்றால் 2028இல் எஃப்.சி. எனும் தகுதிச் சான்று எடுத்து, பசுமை வரி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். நீங்களே ரசித்து ஓட்டுபவர், பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக் இருக்கிறார், வீட்டில் வேறு வண்டியும் நிற்கிறது என்றால் இதை வாங்குங்கள். மருத்துவரிடம் நேரத்துக்குப் போக வேண்டியவருக்கு இது ஏற்றதல்ல.

மாமாவை ஒதுங்க வைத்தது இவை எதுவுமே அல்ல. ஓசூரில் ஒரு டபிள்யூ 212 விற்பனைக்கு நின்றது. பின் இருக்கையில் உட்கார்ந்து, முழங்காலுக்கும் முன் இருக்கையின் முதுகுக்கும் நடுவே கையைச் செருகிப் பார்த்தார். நான்கு விரல் போனது. இறங்கும்போதுதான் தொல்லை. வலது காலை மடக்கி வெளியே திருப்ப இடம் போதவில்லை. முன் இருக்கையில் முட்டி, முகத்தைச் சுளித்தார். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு வண்டி எவ்வளவு உயரம் என்பது பாதிக் கேள்விதான். உட்கார்ந்தபடியே இரு கால்களையும் ஒன்றாகத் திருப்பி வெளியே வைக்க முடிகிறதா என்பது மீதிப் பாதி. அப்படி முடிந்தால் கதவைப் பிடித்துக்கொண்டு அவரே எழுந்துவிடுவார்.

இங்கேதான் 2017 வருகிறது. அந்த ஆண்டு பிப்ரவரியில் நீளமான வீல்பேஸ் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள தூரம்) கொண்ட இ-கிளாஸை மெர்சிடிஸ் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. வலப்பக்க ஸ்டியரிங்கோடு அந்த நீள வண்டி முதலில் வந்த நாடு நம்முடையதுதான். முந்தைய வண்டியின் வீல்பேஸ் 2,874 மில்லிமீட்டர். இதில் 3,079. வித்தியாசம் 205 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு சாண். பின் இருக்கையின் முதுகை 37 டிகிரி வரை சாய்க்கலாம். வேலூரிலிருந்து திரும்பும் 120 கிலோமீட்டரில் ஊசி போட்ட காலை நீட்டிப் படுப்பவருக்கு அதன் அருமை தெரியும்.

அதற்கு அடுத்த தலைமுறை 2024 அக்டோபரில் வந்தது. அதன் வீல்பேஸ் 3,094. அதாவது 15 மில்லிமீட்டர் கூடுதல், ஒரு விரல் அகலம். 2016இலிருந்து 2017க்குத் தாண்டியவருக்கு ஒரு சாண் கிடைத்தது. 2023இலிருந்து 2024க்குத் தாண்டியவருக்கு ஒரு விரல்தான் கிடைக்கிறது. மாமாவின் கேள்விக்கான பதிலில் பெரும்பகுதி இந்த இரண்டு எண்களிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

புதிய வண்டி நல்ல வண்டி என்பதில் ஐயமில்லை. இ 220 டி. 197 குதிரைத்திறன், 440 நியூட்டன் மீட்டர் தருகிறது. உள்ளே முன்பக்கம் முழுவதும் திரைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். அறிமுகமானபோது இ 200 பெட்ரோலின் எக்ஸ்-ஷோரூம் விலை 78.5 லட்ச ரூபாய். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு ஆயுள்கால வரி 20 சதவீதம். 78.5 லட்சத்துக்கு அது 15.7 லட்சம். இன்சூரன்ஸ் போடுவதற்கு முன்பே 94 லட்சத்தைத் தாண்டிவிட்டோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கான ஜி.எஸ்.டி.யும் மேல்வரியும் சேர்ந்த 48 சதவீதம் 40 ஆகக் குறைந்ததால் விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஆயினும் ஆயுள்கால வரியின் அந்த ஐந்தில் ஒரு பங்கு அப்படியே நிற்கிறது. வரிக்குக் கொடுக்கும் பணத்தில் தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுவிடலாம் என்று மாமா சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது. மூன்றாண்டு உத்தரவாதம் இருக்கும் நிம்மதிக்காகவே புதியதை வாங்குபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தொழிலின் பெயரில் வாங்கித் தேய்மானம் காட்ட முடிந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் தங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

ஆக, 2017 முதல் 2023 வரை. இதற்குள்ளும் மூன்று படிகள் இருக்கின்றன. அவற்றைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விற்பவர்கள் மூன்றையும் "அதே மாடல்தான் சார்" என்று ஒன்றாகக் கட்டிவிடுவார்கள்.

2017, 2018இல் வந்த டீசல்கள் பெரும்பாலும் பி.எஸ்.4 என்ற பழைய புகை விதிப்படி ஆனவை. புகையைச் சுத்தம் செய்ய யூரியா திரவம் ஊற்ற வேண்டிய வேலை இல்லை. அந்த அளவுக்கு எளிது. ஆனால் எட்டு வயதைத் தொட்டுவிட்டன. ரப்பர் புஷ்கள், ஷாக் அப்சார்பர்கள், இன்ஜின் மவுண்டுகள் எல்லாம் ஒன்றாகச் செலவு வைக்கும் வயது இது. பாகத்தின் வயதுக்காகப் பணம் பிடிக்காமல் முழு விலையும் தரும், தேய்மானக் கழிவு இல்லாத இன்சூரன்ஸைப் பல நிறுவனங்கள் ஐந்து ஆண்டுகளோடு நிறுத்திக்கொள்கின்றன. ஒரு முன்விளக்கு உடைந்தால் என்ன ஆகும் என்பதை விலை கேட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பி.எஸ்.6 விதி 2020 ஏப்ரல் 1இல் கட்டாயமானது. அந்த இ 220 டி.யில் 1,950 சி.சி. இன்ஜின், 194 குதிரைத்திறன், 9 கியர். புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும் என்று பி.எஸ்.6 டீசலைக் கண்டு நகரத்தார் பயப்படுகிறார்கள். அவர்கள் பயம் நியாயம்தான். நாளுக்கு ஐந்து கிலோமீட்டர், சிக்னலுக்குச் சிக்னல் என்று ஓட்டினால் அது தன்னைச் சுட்டுச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே கிடைக்காது. மாமாவின் ஓட்டமோ அத்தனையும் நெடுஞ்சாலை. காவேரிப்பட்டணத்தில் ஏறினால் தேசிய நெடுஞ்சாலை 44, கிருஷ்ணகிரியில் திரும்பினால் வேலூர் வரை 48. அந்த இன்ஜின் கேட்பதும் இதே ஓட்டத்தைத்தான். யூரியா திரவத்துக்கும் அலைய வேண்டாம். புதிய லாரிகளுக்கும் அதுவே தேவை என்பதால் லாரிகள் நிற்கும் இடங்களில் எல்லாம் வாளி வாளியாக விற்கிறார்கள்.

மூன்றாவது படி 2021 மார்ச். முகம் மாறியது, உள்ளே தொடுதிரை வந்தது. அதுவரை நடுவில் இருந்த திருகு குமிழும் போயிற்று. மாமாவின் ஓட்டுநர் அண்ணன் 22 ஆண்டுகளாக அவரோடு இருப்பவர். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கைக்குத் தெரிவதைத் திருகிப் பழகியவர். அவருக்கும் சேர்த்துத்தான் வண்டி வாங்குகிறோம். இந்த மாற்றத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இங்கே ஒரு எச்சரிக்கை: 2021இல் பதிவான வண்டி எல்லாம் புதிய முகம் அல்ல. 2020இல் தயாராகி, ஷோரூமில் நின்று, 2021 ஜனவரியில் பதிவானவையும் உண்டு. ஆர்.சி.யில் தயாரிப்பு மாதம் தனியாக இருக்கும். விலையை அதைப் பார்த்துப் பேசுங்கள், பதிவு மாதத்தைப் பார்த்து அல்ல.

பெட்ரோல் இ 200 பற்றி ஒரு வார்த்தை. சத்தம் குறைவு, நகருக்குள் நிம்மதி. ஆனால் இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்குப் பின் தயாரானவை அதற்கு ஏற்பச் செய்யப்பட்டவை. அதற்கு முந்தைய வண்டி என்றால் எரிபொருள் மூடியின் உட்புறம் ஒட்டிய சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வேறு பிராண்டுகளைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தோம். 2017இல் வந்த பி.எம்.டபிள்யூ 5 சீரிஸ், 520 டி., ஓட்டுவதற்கு இ-கிளாஸைவிட மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்காக வாங்குவதாக இருந்தால் அதைத்தான் வாங்குவேன். அதன் வீல்பேஸ் 2,975. நீள வண்டி இங்கே 2024இல்தான் வந்தது, அதுவும் 530 எல்.ஐ. பெட்ரோலாக. தவிர, ரன்-ஃபிளாட் டயர்கள். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்தில் 80 கிலோமீட்டர் தூரம் ஓடும் என்பது கணக்கு. தொப்பூரில் பஞ்சரானால் சேலம் போய்ச் சேர்ந்துவிடலாம். ஆனால் அந்த அளவு டயர் வரும்வரை காத்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்கு டிக்கியில் ஒரு ஸ்டெப்னி கிடப்பதுதான் தூக்கம் தரும்.

தர்மபுரியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் இதே கேள்வியோடு வந்தபோது, அவருக்கு டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட்டைச் சொன்னேன். கடைவீதி, பேருந்து நிலையம், வீடு என்று சுற்றுபவர். எப்போதாவது ஒகேனக்கல், மாதம் இரண்டு முறை சேலம். ஊருக்குள் நின்று நின்று ஓடும் ஓட்டத்தில்தான் ஹைப்ரிட் எரிபொருளை மிச்சம் பிடிக்கிறது. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம். சர்வீஸுக்குச் சேலம் போதும். வீல்பேஸ் 2,825தான், அவர் முழங்கால் நன்றாக இருக்கிறது. நட்சத்திரச் சின்னம் இல்லையே என்று அவர் மனைவிக்குத்தான் சற்று வருத்தம்.

மாமாவுக்கான பதில் இப்படித் தெளிந்தது: 2020 தயாரிப்பு, முகம் மாறுவதற்கு முந்தைய, பி.எஸ்.6 இ 220 டி. அடுத்த கேள்வி எங்கே வாங்குவது. நம் பக்கத்தில் இவை அரிது. கிடைப்பது பெங்களூரில். அங்கிருந்து வாங்குவதில் லாபமும் உண்டு, கண்ணிவெடியும் உண்டு.

கர்நாடகப் பதிவெண் வண்டியை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்துக்கொள்வதென்றால் மறுபதிவு செய்தாக வேண்டும். அங்கிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று, கடன் இருந்தால் வங்கியின் 35ஆம் படிவம், பெயர்மாற்றத்துக்கு 29, 30. இங்கே வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள்கால வரி. பிறகு அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம். இந்தக் கணக்கைப் போடாமல் "நம் ஊரைவிட மலிவு" என்று கிளம்பாதீர்கள். நான் 2018இல் ஒரு பழைய சொகுசு செடான் வாங்கியபோது, கடன் தீர்ந்துவிட்டது என்று தரகர் வாய்வார்த்தை சொன்னார், நம்பினேன். ஆர்.சி.யில் கடன் குறிப்பு அப்படியே இருந்தது. அதை நீக்கி, என்.ஓ.சி. வாங்கி, என் பெயருக்கு மாற்ற எட்டு மாதங்கள் ஆயின. இனி கடன் நீக்கிய ஆர்.சி.யைக் கண்ணால் பார்க்காமல் முன்பணம்கூடக் கொடுக்க மாட்டேன். டெல்லி வண்டிகளையும் தொடவில்லை. பத்தாண்டு முடிந்த டீசலுக்கு அங்கே தடை வந்ததால் அவை தெற்கே மலிவாக வந்தன. ஆனால் நாம் தேடும் வயதில் ஒரு வண்டி அவ்வளவு தூரம் வருகிறது என்றால் ஏன் என்று கேட்க வேண்டும்.

வெள்ளம் இன்னொன்று. 2022 செப்டம்பரில் பெங்களூரின் கிழக்குப் பகுதியில் சொகுசு வீடுகளின் வாசலில் விலையுயர்ந்த கார்கள் மூழ்கி நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம். அவற்றுள் எத்தனை துடைத்துப் பளபளப்பாக்கி விற்கப்பட்டன என்று யாருக்குத் தெரியும்? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் மண் நிறக் கோடு இருந்தால் நடையைக் கட்டுங்கள்.

நாங்கள் பார்த்த நான்காவது வண்டி ஜெயநகரில் ஒரு வீட்டு வாசலில் நின்றது. முதல் உரிமையாளர், 61,000 கிலோமீட்டர், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ரசீது. நான் முதலில் குனிந்து பார்த்தது டயரை. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று டயர்களில் 1423, இடது முன்டயரில் மட்டும் 4024. ஒன்றை மட்டும் ஏன் மாற்றினீர்கள் என்றேன். பள்ளத்தில் விழுந்து பக்கச் சுவர் கிழிந்தது என்றார், ரசீதும் காட்டினார். பணிமனையில் ஏற்றிக் கீழே பார்த்தோம். அந்தப் பக்கச் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கைகளில் வளைவு இல்லை. பிறகு அவர் மகனையும் ஏற்றிக்கொண்டு ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி தாண்டித் தொப்பூர் இறக்கம் வரை ஓட்டினேன். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கை அழுத்திப் பிடித்தபோது ஸ்டியரிங் உதறவில்லை. பிரேக் தட்டு நேராக இருக்கிறது. கியர் மாறுவது கையில் தெரியவே இல்லை. திரும்பும் வழியில் காவேரிப்பட்டணத்தில் மாமாவை ஏற்றினோம். கையைச் செருகினார்; ஒரு சாண் முழுதாக விரிந்தது. இறங்கும்போது இரண்டு கால்களையும் ஒன்றாகத் திருப்பி வெளியே வைத்து, கதவைப் பிடித்து எழுந்து நின்றார். யாரும் கைகொடுக்கவில்லை.

வாங்கிவிட்டோம். என்.ஓ.சி. வந்துவிட்டது, கிருஷ்ணகிரியின் டி.என். 24 எண்ணுக்காகக் காத்திருக்கிறோம். வண்டி வீட்டுக்கு வந்த அன்று ஓட்டுநர் அண்ணன் வழக்கம்போல வாசல் புளியமரத்தடியில் நிழல் பார்த்து நிறுத்தினார். ஓடிப்போய் எடுக்கச் சொன்னேன். என் பழைய வண்டியை இரண்டு ஆண்டு புளியமரத்தடியில் நிறுத்தியிருந்தேன். முன்கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடியும் துளை ஒன்று இருக்கிறது. நகக்கண் அளவுள்ள அந்தப் பொடி இலை அதில் போய்ப் படிந்து, களியாகி, அடைத்துவிட்டது. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கிக் கால்விரிப்பு ஊறி, மின்கம்பிகளில் பச்சை பூத்தது. தவறு முழுக்க என்னுடையது. மாமா கதையைக் கேட்டுவிட்டு, மறுநாளே மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட ஆள் வரச்சொன்னார். வந்தவர் காருக்குப் பதினாறு அடி போதும் என்றார். வண்டியின் நீளமே 5,063 மில்லிமீட்டர், பதினாறரை அடிக்கு மேல். டிக்கியைத் திறக்கவும் மாமா சுற்றிவரவும் இடம் வேண்டும் என்று சொல்லி, இருபது அடிக்குக் கோடு போடச் சொன்னேன்.